ஆளில்லா அழகு

கடந்த வைகாசியில் நானும் மனைவியும் மகளும் லண்டனிலிருந்து காரில் வெளிக்கிட்டு, இரண்டு நாள் ஓடி, ஸ்கொட்லாந்தின் வடக்கே போயிருந்தோம். இன்வெர்னெஸ் கோட்டையில் தொடங்கி, வடகரையைச் சுற்றி, மறுபடியும் அங்கேயே வந்து முடிகிற ஒரு பாதை உண்டு. 800 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வீதிகள் பழையவைதான். அவற்றை ஒன்றாகக் கோத்து 'நோர்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்து உல்லாசப் பயணிகளுக்குக் கொடுத்தது 2015இல். எங்களுக்கு ஒரு கிழமைதான் லீவு. முழுவதையும் சுற்ற முடியாது என்பதால் நடுவில் புகுந்து வடக்கே ஏறுகிற குறுக்கு வீதி ஒன்றைப் பிடித்தோம்.

அது ஒரு கார் மட்டும் போகக்கூடிய வீதி. நூறு, இருநூறு யார் தூரத்துக்கு ஒருமுறை ஒதுங்கி நிற்பதற்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். மற்றவர் கடந்து போகும்போது கையை உயர்த்திக் காட்ட வேண்டும். முதல்நாள் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இரண்டாம் நாள் அந்தக் கைகாட்டலுக்காகவே யாராவது எதிரே வரமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்துக்கு ஆளில்லை.

ஆல்ட்னஹாரா என்ற சிறு ஊரைத் தாண்டியதும் வலதுகைப் பக்கம் நேவர் ஏரி திறந்தது. இரவு ஒன்பது மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை. ஏரி வெள்ளித் தகடு மாதிரிக் கிடந்தது. மறுகரையில் மலை. மரமே இல்லாத பழுப்பு நிறச் சரிவுகள். அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே, யாரோ பாயை விரித்துவிட்டுப் போனதுபோல் பச்சைப்பசேலென்ற புல்வெளித் துண்டுகள். அதில் செம்மறிகள். சத்தம் என்றால் தண்ணீர்ச் சத்தம் மட்டும். நான் காரை ஒதுக்கி நிறுத்தினேன்.

"என்ன வடிவு!" என்றேன். என் வாயிலிருந்து வந்த சொல் அதுதான்.

மகள் இறங்கிப் படம் எடுத்தாள். திரும்பி வந்து ஏறும்போது கேட்டாள்: "அப்பா, இஞ்ச ஏன் ஒருத்தரும் இல்லை?"

"இந்தக் குளிருக்குள்ள ஆர் பிள்ளை வந்து இருப்பினம்?" என்றேன்.

அந்தப் பதில் தவறு. எவ்வளவு தவறு என்பது சில நிமிட ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஏரிக்கரையில் ஓர் அறிவிப்புப் பலகை. கிறம்மோர் என்று ஒரு ஊர் இங்கே இருந்தது. 1819இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலகைக்குப் பின்னால் புல்லுக்குள் கற்கள். கூர்ந்து பார்த்தால் கற்கள் ஒழுங்காக இருந்தன. ஒரு சுவர், ஒரு மூலை, ஒரு வாசல்.

*

அடுத்த நாள் காலையில் சயர் என்ற இடத்திலிருந்து காட்டுப் பாதையால் நடந்து ரோசல் என்ற ஊரின் இடிபாட்டைப் பார்க்கப் போனோம். நட்டு வளர்த்த ஊசியிலைக் காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பச்சை வெளி. 1962இல் தொல்லியலாளர்கள் அதை அகழ்ந்திருக்கிறார்கள். ஒரு முனையில் மாடும் மறுமுனையில் மனிதருமாக வாழ்ந்த நீண்ட வீடுகள், களஞ்சியங்கள், தானியம் உலர்த்தும் சூளைகள்.

அங்கே நின்றபோதுதான் முதல்நாள் பார்த்த பச்சைத் துண்டுகளின் சங்கதி விளங்கியது. சுற்றிலும் உள்ள நிலம் புளித்த சேற்று நிலம், பழுப்பாகத்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக மாட்டெருவைச் சுமந்து கொட்டி, கல் பொறுக்கி, மண்ணைக் கொத்தி மனிதர் ஆக்கியெடுத்த இடங்கள் மட்டும்தான் இருநூறு ஆண்டு கழித்தும் பச்சையாக இருக்கின்றன. நான் காரை நிறுத்தி வடிவு என்று சொன்னேனே, அந்த வடிவின் பாதி அவர்களுடைய உழைப்பு. மறுபாதி அவர்கள் இல்லாமை.

நடந்தது இதுதான். சதர்லாந்து என்ற அந்தப் பெருநிலப்பரப்பு ஒரு சீமாட்டியின் குடும்பச் சொத்து. பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசும் மக்கள் மாடு வளர்த்து, கொஞ்சம் பார்லியும் ஓட்சும் விதைத்து வாழ்ந்தார்கள். செவியட் என்ற இனச் செம்மறிகளை விட்டால் குத்தகைப் பணம் பல மடங்காகும் என்று கணக்குப் பார்க்கப்பட்டது. 1814இலும் 1819இலும் நேவர் பள்ளத்தாக்கில் வீடுவீடாக மக்கள் எழுப்பப்பட்டார்கள். திரும்பி வந்து குடியேறாதபடி கூரை மரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. மரமில்லாத நாட்டில் கூரை மரம்தான் ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து. வெளியேற்றத்தை நடத்திய முகாமையாளர் பற்றிக் செல்லர். காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செம்மறி விட்டவரும் அவரே. படுக்கையில் கிடந்த ஒரு கிழவி உள்ளே இருக்கும்போதே வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது என்றும், சில நாட்களில் அவள் இறந்தாள் என்றும் வழக்கு வந்தது. 1816இல் இன்வெர்னெஸ் நீதிமன்றம் செல்லரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

மக்களுக்குக் கடற்கரையில் சிறு சிறு துண்டுகளாக நிலம் கொடுத்தார்கள். அது வயிற்றுக்குப் போதாது. போதாமல் இருந்தால்தான் மீன் பிடிக்கவும் கூலிக்கும் போவார்கள் என்பது திட்டம். கடலை அறியாத மலைச் சனம் கடலுக்குப் போனது. மிச்சப்பேர் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போனார்கள். இதற்கெல்லாம் சொத்துக்காரர்கள் வைத்த பெயர் 'மேம்பாடு'. எங்கள் நாட்டில் இதே காரியத்துக்கு 'அபிவிருத்தி' என்று ஒரு சொல் உண்டு.

*

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். மனிதரை விரட்டியதால் அழகான ஓரிடத்தை அழகு என்று ரசிப்பதில் பிழை இருக்கிறதா?

கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 2018இல் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் காங்கேசன்துறைக்குக் கிட்ட. 1990 ஆனியில் விட்டுவிட்டு ஓடியது. உயர்பாதுகாப்பு வலயமாகி, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் துண்டு துண்டாக விடுபட்ட நிலம். எங்கள் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. அடுத்த வளவில் கூரையில்லாத ஒரு வீட்டின் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் ஒன்று இறங்கியிருந்தது. அதன் முன்னால் ஐரோப்பியத் தம்பதி ஒன்று சைக்கிளை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, எவ்வளவு அழகு, எவ்வளவு அமைதி என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த வீட்டில் ஆர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆலவேர் இறங்கியிருந்த அறையில் நான் கணக்குப் படித்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஆனால் லண்டனுக்கு வந்தபிறகு எத்தனையோ பேரிடம் அந்தக் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு எங்கள் அழிவும் காட்சிதான் என்று முடிப்பேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

இப்போது நேவர் ஏரிக்கரையில் காரை நிறுத்தி நான் சொன்னதும் அதே வார்த்தைதான்.

*

இதற்குச் சமாதானம் சொல்லலாம். முதலாவது சமாதானம், உலகத்தில் இரத்தம் படாத மண் எங்கே இருக்கிறது என்பது. ஒவ்வொரு இடத்துக்கும் கணக்குக் கேட்டுத்தான் ரசிப்பது என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். இது உண்மைதான். ஆனால் எல்லோரும் கடன்காரர் என்பதால் ஒருவருக்கும் கடன் இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது சமாதானம் காலம். இருநூறு ஆண்டு போய்விட்டதே என்பது. அப்படியானால் எத்தனை ஆண்டு கழிந்தால் என் அயல் வீட்டு ஆலமரம் வெறும் ஆலமரமாகலாம்? முப்பது? எழுபது? அந்த எண்ணை யார் தீர்மானிப்பது? விரட்டியவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் சேர்ந்து தீர்மானித்தால் அது சிறிய எண்ணாகத்தான் இருக்கும்.

மூன்றாவது சமாதானம் வலுவானது. அதைச் சொன்னவர் கான்ட். 1790இல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு அரண்மனையை உதாரணம் காட்டுகிறார். இந்த அரண்மனை அழகா என்று ஒருவர் என்னைக் கேட்கிறார். ஏழைகளின் வியர்வையைப் பெரிய மனிதர்கள் தங்கள் ஆடம்பரத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள் என்று ரூசோவைப்போல நான் ஏசலாம். எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல என்கிறார் கான்ட். அழகு என்று தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பொருள் எப்படி வந்தது, இருப்பது நல்லதா கெட்டதா என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்து, அது கண்முன் தோன்றுவதை மட்டும் பார்க்கவேண்டும். நீதி வேறு கச்சேரி, அழகு வேறு கச்சேரி.

பல ஆண்டுகளாக இந்த வாதம் எனக்குப் பிடித்தே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வியக்க எனக்கு அது வழி விட்டது. ஆனால் ரோசலில் நின்று யோசித்தபோது அது அங்கே வேலை செய்யவில்லை. அரண்மனையில் வியர்வை உலர்ந்து போய்விட்டது. கண்ணுக்குத் தெரிவது தூணும் மாடமும். அதனால் வியர்வையை ஒதுக்கிவைக்கலாம். இங்கே என் கண்ணை நிறைத்தது எது? ஆளில்லாமை. அமைதி, விரிவு, வெறுமை என்று நான் ரசித்த எல்லாம் ஆளில்லாமையின் வெவ்வேறு பெயர்கள். அநீதி இங்கே அழகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. அநீதியின் விளைவையே நான் அழகென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒதுக்கி வைத்தால் பார்ப்பதற்கு மிஞ்சுவது குறைவு.

குறைவு என்றேன், ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. இன்னும் மேற்கே போனால் சுயில்வன் என்றொரு மலை தனியாக எழுந்து நிற்கிறது. அதன் அடியில் உள்ள பாறை கிட்டத்தட்ட முந்நூறு கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். அந்த மலை யாரையும் விரட்டவில்லை. விரட்டப்பட்டவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் அது வடிவாகத்தான் இருந்திருக்கும். மலையின் அழகு அவர்களிடமிருந்து பறித்ததல்ல. ஆளில்லாமையின் அழகு அப்படியல்ல. இரண்டையும் ஒரே பெருமூச்சில் சேர்த்து 'வடிவு' என்று சொல்லிவிடுகிறோம். பிழை அந்தச் சேர்ப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் மரபு இந்த இடத்தில் கான்டைவிட நுட்பமானது. தமிழ்த் திணையில் நிலம் ஒருபோதும் வெறும் நிலமல்ல. குறிஞ்சி என்றால் மலை மட்டுமல்ல. அங்கே தெய்வம் உண்டு, உணவு உண்டு, பறை உண்டு, தினைப்புனம் காக்கிற பெண் உண்டு. மனிதரும் அவர்கள் தொழிலும் கருப்பொருளின் பகுதி. அவர்களை எடுத்துவிட்டால் திணை குலைந்துவிடும். குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று இளங்கோ சொல்வது வெயிலால் வருகிற கேடு. வெயிலே இல்லாத ஸ்கொட்லாந்தில், மழை விடாமல் பெய்யும் மலையில், பச்சையாகவே ஒரு பாலை இருக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பெயர் இன்னும் பொருந்துகிறது.

*

ரோசலில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த டொனால்ட் மக்லவுட் என்ற கல்கொத்தனாருடையது. வெளியேற்றத்தை இளைஞனாகக் கண்ணால் கண்டவர். பின்னாளில் எடின்பரோ பத்திரிகையொன்றில் அதைக் கடிதங்களாக எழுதினார்.

1853இல் அமெரிக்க எழுத்தாளர் ஹரியட் பீச்சர் ஸ்டோ பிரித்தானியாவுக்கு வந்தார். 'அங்கிள் ரொம்ஸ் கபின்' நாவல் வெளியாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அடிமை முறைக்கு எதிரான பெருங்குரல் அவர். அன்றைய சதர்லாந்துச் சீமாட்டி அவரைத் தன் லண்டன் மாளிகையில் வரவேற்று உபசரித்தார். ஸ்டோ திரும்பிப்போய் 1854இல் வெளியிட்ட பயண நூலில் சதர்லாந்து வெளியேற்றங்கள் நல்ல நோக்கமுள்ள சீர்திருத்தம் என்று வாதாடினார். அந்தப் புத்தகத்தின் தலைப்பில் 'வெயில் படிந்த நினைவுகள்' என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. மக்லவுட் அதற்கு ஒரு மறுப்பு நூல் எழுதினார். தலைப்பில் 'இருண்ட நினைவுகள்' என்று போட்டார். அது 1857இல் அச்சானது எங்கே தெரியுமா? ரொறொன்ரோவில். ஊரை இழந்த ஒரு மனிதன் கனடாவுக்குப் போய், தன் ஊர் எப்படி அழிந்தது என்று புத்தகம் போட்டிருக்கிறான். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அதை மேலும் விளக்கத் தேவையில்லை.

ஸ்டோவை ஏசுவது சுலபம். அவர் கெட்டவர் அல்ல என்பதுதான் எனக்குச் சிக்கலாக இருக்கிறது. தன் நாட்டின் பெரிய அநீதியைத் தெளிவாகக் கண்ட ஒருத்தி, இன்னொரு நாட்டில் விருந்தாளியாக நின்றபோது காணவில்லை. துன்பத்தை ஓரிடத்தில் அறிந்த கண், எல்லா இடத்திலும் அதை அறிந்துகொள்ளும் என்று இல்லை. துன்பப்பட்டவர்களின் கண்ணுக்கும் இது பொருந்தும். கனடாவில் ஹைலண்ட் அகதிகள் பெற்ற நிலம் வேறு மக்களுடைய நிலம். எங்களில் எத்தனையோ பேர் வீடு வாங்கியிருப்பதும் அதே நிலத்தில்தான்.

*

இதுவரை எழுதியது சுலபமான பகுதி. இனி எழுதப்போவதை நான் இதற்குமுன் யாருக்கும் சொன்னதில்லை.

1982இல் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். எனக்குப் பதினாலு வயது. யாழ்ப்பாணத்தின் தட்டை நிலத்தைத் தவிர வேறொன்றும் பார்த்திராத பெடியன்கள். வளைவுக்கு வளைவு கூச்சல் போட்டோம். பச்சைக் கம்பளம், பனி, அருவி. ஓரிடத்தில் பஸ்ஸை நிறுத்தி, தேயிலைச் சரிவில் நின்று படம் பிடித்தோம். பின்னால் கொழுந்து எடுக்கும் பெண்கள் நின்றார்கள். படம் வடிவாக வரவேண்டும் என்று வாத்தியார் அவர்களை அப்படியே நிற்கச் சொன்னார். நின்றார்கள்.

அந்த நாட்களில் எங்கள் அம்மம்மா வீட்டில் மலையகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை வேலைக்கு நின்றது. என்னைவிட இரண்டொரு வயது கூட. பாத்திரம் கழுவுவாள், வளவு கூட்டுவாள், குசினி வாசலில் படுப்பாள். யாழ்ப்பாணத்தில் அப்போது வசதியான வீடுகளில் அது சாதாரணம். அந்த மக்களுக்கு எங்களிடம் ஒரு சொல் இருந்தது, தோட்டக்காட்டார். அது ஏச்சு என்றே எங்களுக்குத் தெரியாது, அவ்வளவு சாதாரணமாகச் சொல்வோம். அவளுக்கு வீட்டில் வைத்திருந்த கூப்பிடு பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவளுடைய சொந்தப் பெயர் என்னவென்று தெரியாது.

நான் சுற்றுலாவிலிருந்து வந்த அன்று பின்வளவில் வைத்து இரகசியமாகக் கேட்டாள்: "தம்பி, மலையெல்லாம் பாத்தீங்களா? எங்க லயம் தெரிஞ்சுச்சா?"

நான் சிரித்தேன். அத்தனை மலையில் எந்த லயம் என்று அறிவது? தோட்டத்தின் பெயரைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் கேட்டதை உள்ளே போய்ப் பகிடியாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். 1984இல் ஒருநாள் அவளுடைய தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்றும் நான் கேட்கவில்லை.

இப்போது வரலாறு தெரியும். தேயிலையை அங்கே வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். ஹைலண்ட்ஸ்காரர் அல்ல, கிழக்குக் கரையைச் சேர்ந்தவர். 1867இல் லூல்கந்துரவில் தொடங்கினார். அதற்கு முன்பே, 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலத்தில், பத்திரம் காட்டமுடியாத மலைநிலமெல்லாம் முடிக்குரியதாக்கப்பட்டுக் கோப்பிக்கு விற்கப்பட்டிருந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்தார்கள், வழிநெடுக இறந்தார்கள். அவர்கள் கொத்தி ஆக்கிய மலைகளுக்கு டன்கெல்ட் என்றும் ஸ்ட்ராத்ஸ்பே என்றும் தோட்டப் பெயர்கள் இருக்கின்றன. எங்கள் காரில் வழிகாட்டிப் பலகைகளில் அதே பெயர்களைப் படித்துக்கொண்டுதான் வடக்கே வந்தோம். 1948இல் ஒரு சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 2023இல் அவர்கள் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் மறுபடி நடந்தது. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் கேட்பது ஒரு துண்டு நிலமும் ஒரு வீடும்.

நேவர் பள்ளத்தாக்கில் மனிதரை அகற்றி அழகு செய்தார்கள். நுவரெலியாவில் மனிதரை வைத்தே அழகு செய்தார்கள். ஆனால் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சரிவில் நின்ற அந்தப் பெண்களும் எனக்கு ஆளில்லைதான். ஆளென்று பட்டிருந்தால் எங்கள் வீட்டுப் பிள்ளையின் தாய் அதில் நிற்கிறாளோ என்று ஒரு கணமாவது தோன்றியிருக்கும். எங்கள் ஊரில் படம் எடுத்த அந்த ஐரோப்பியப் பெண்ணிடம் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை, அவளுக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல ஒருத்தி குசினி வாசலில் இருந்தாள்.

*

நேவர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பெட்டிஹில் என்று ஓர் ஊர். விரட்டப்பட்டவர்களைக் குடியிருத்திய ஊர். அதற்கு வந்த பெயர் விரட்டிய சீமாட்டி எலிசபெத்தின் செல்லப் பெயர் என்கிறார்கள். பழைய தேவாலயம் ஒன்றில் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நின்ற வயதான அம்மா எங்களை எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அந்த வீடு அவருக்குத் தெரியும். முன்பு ஒரு குடும்பம் இருந்த வீடு, இப்போது ஆண்டு முழுக்க விடுமுறைக்காரருக்கு என்றார். பிறகு, குற்றம் சொல்கிற குரலில் அல்ல, காலநிலை சொல்கிற குரலில், தன் மகனுக்கு இந்தக் கரையில் வாடகைக்கு ஒரு வீடு அகப்படாமல் தெற்கே போய்விட்டான் என்றார்.

மனைவி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு இணையத்தில் நான் ஐந்து நட்சத்திரம் போடுவதாக இருந்தேன்.

இந்த இடத்தில்தான் கேள்விக்கு எனக்கு ஏதோ ஒரு விடை கிடைத்தது. ரசிப்பது பாவமா என்று நெடுநேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பதும் ஒருவகைச் சுகம்தான். அதிலும் நானே நடுவில் நிற்கிறேன். இருநூறு ஆண்டுக்கு முந்தைய தீயை நான் அணைக்க முடியாது. நான் அணைக்கக்கூடியது ஏதாவது இப்போது எரிகிறதா என்று பார்க்கலாம். வெறுமையை விரும்புகிறவர்கள் காசு கொடுக்க இருக்கும்வரை வெறுமையை உண்டாக்கிக் கொடுக்கவும் ஆள் இருக்கும். அன்று செம்மறி. அதற்குப் பிறகு சீமான்களின் மான் வேட்டை. இன்று என் போன்றவரின் ஒரு கிழமை லீவு.

வேறு விதமாகவும் முடியலாம் என்பதற்கு அதே நாட்டில் சாட்சி உண்டு. சுயில்வன் மலைக்குப் பக்கத்தில் அசிண்ட் என்ற பகுதியில், துண்டு நிலத்தில் பாடுபட்ட சிறு விவசாயிகள் சேர்ந்து பணம் திரட்டி, 1993இல் தாங்கள் குடியிருந்த பண்ணை நிலத்தைத் தாங்களே வாங்கினார்கள். பத்து ஆண்டு கழித்து, 2003இல், ஊர்மக்கள் நிலத்தை வாங்கும் உரிமை சட்டமே ஆனது. அந்தப் பக்கம் ஓடும்போது வீட்டு வாசலில் உலரும் துணியைக் கண்டோம். பள்ளிக்கூட பஸ் ஒன்றுக்கு ஒதுங்கி நின்றோம். மலைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருக்க, அதற்குப் பின்னால் அது அப்படியே நின்றது.

திரும்பும் வழியில் குறொய்க் என்ற தனித்த தேவாலயத்துக்குப் போனோம். 1845இல் கிளென்கால்வி என்ற பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் அதன் முற்றத்தில் கூடாரம் அடித்துக் குழந்தைகளோடு தங்கியிருக்கிறார்கள். யன்னல் கண்ணாடிகளில் வெளிப்புறத்திலிருந்து கீறி எழுதியிருக்கிறார்கள். எழுத்து இன்றும் தெரிகிறது. தங்களையே கெட்ட தலைமுறை என்று எழுதியிருக்கிறார்கள். செய்த பாவத்துக்குத்தான் இது வந்தது என்று நினைத்திருக்கிறார்கள். 1990இல் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தபோது அம்மாவும் அதைத்தான் சொன்னா: "நாங்கள் என்ன பாவம் செய்தமோ." விரட்டியவர்கள் யாரும் அப்படி எங்கேயும் கீறி வைத்ததாகத் தெரியவில்லை.

மகள் கேட்டாள்: "இவையள் கேலிக்தானே கதைச்சவை? ஏன் இங்கிலிஷில எழுதியிருக்கினம்?"

எனக்குத் தெரியாது என்று இம்முறை உண்மையைச் சொன்னேன். என் மனதில் பட்டது, தங்கள் ஆட்களுக்காக எழுதவில்லை என்பதுதான். தங்கள் ஆட்களுக்கு நடந்தது தெரியும். பிறகு வரப்போகிறவர்களுக்காக, வந்து நின்று என்ன அமைதி என்று சொல்லப்போகிறவர்களுக்காக, அவர்களுடைய மொழியில் எழுதியிருக்கிறார்கள்.

நேவர் ஏரிக்கரையில் எடுத்த படத்தை மகள் இன்னும் வைத்திருக்கிறாள். வடிவான படம்தான், அழிக்கச் சொல்லவில்லை. கீழே 'கிறம்மோர், 1819' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். 1982ஆம் ஆண்டுப் படம் என்னிடம் இல்லை, வீட்டோடு போய்விட்டது. அதில் என் நண்பர்கள் எந்த ஒழுங்கில் நின்றார்கள் என்று இப்போதும் சொல்வேன். பின்னால் நின்ற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறேன். நாலா, ஐந்தா, ஒரு முகமும் வரவில்லை.